மேல்வீட்டு கிரைண்டர் நம் தலையணைக்கு வரும் வழி

காலை ஐந்தே கால். மேல்வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் எங்கள் வேளச்சேரி வீட்டின் படுக்கையறை மெல்ல முனகும். ஜன்னலை அடைத்துப் பார்த்தேன், சத்தம் துளியும் குறையவில்லை. ஹால் மூலையில் இருக்கும் தூணில் காதை வைத்தேன். கல் உருளுவது இன்னும் தெளிவாகக் கேட்டது!

அதாவது, சத்தம் காற்று வழியாக வரவில்லை. கிரைண்டரின் அதிர்வு தரைக்கு இறங்கி, தளம், பீம், தூண் என்று ஓடுகிறது. இவையெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே கான்கிரீட் எலும்புக்கூடு. அதிர்வை அது அதிகம் விழுங்குவதில்லை. கடைசியில் நம் சுவரும் கூரையுமே ஒலிபெருக்கியாகிவிடுகின்றன. இதற்கு நம் வீட்டில் என்ன செலவு செய்தாலும் பெரிய பலன் இருக்காது. அதிர்வு தரையைத் தொடும் இடத்திலேயே மறிக்க வேண்டும். "அக்கா, இதைக் கிரைண்டருக்கு அடியில போட்டுப் பாருங்களேன்" என்று தடிமனான ரப்பர் மேட் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். முனகல் முழுக்கப் போகவில்லை, ஆனால் இப்போது அலாரம் வைத்துத்தான் எழுந்திருக்கிறேன்.

தெருச் சத்தத்தின் கதை வேறு. அது காற்றில் வருகிறது, ஓட்டை தேடுகிறது. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபல் வரை குறைக்கும். நல்ல கனம், நல்ல தடுப்பு. ஆனால் 100 சதுர அடிச் சுவரில் 1 சதுர அடி வென்டிலேட்டர் திறந்திருந்தால்? சுவரில் விழும் ஒலி ஆற்றலில் நூறில் ஒரு பங்கு அதன் வழியே நேராக உள்ளே வந்துவிடும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10 குறைவும் ஒலி ஆற்றலைப் பத்தில் ஒரு பங்காக்கும்; ஆகவே நூறில் ஒரு பங்கு என்பது வெறும் 20 குறைவுதான். மீதிச் சுவரை இரும்பால் கட்டினாலும் அந்த 20-ஐத் தாண்ட முடியாது. எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, ஏசி குழாய் நுழையும் சந்து, தள்ளு ஜன்னலின் தண்டவாளம், எல்லாமே இந்த ரகம்தான்.

குளிர்நாடு என்றால் எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிடலாம். இங்கே மாலை கடற்காற்றை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? அப்படியே மூடி ஏசி போட்டால், அதன் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டுக்காரரின் தலைவலி. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் சொல்லும் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். சாலையோர வீடுகளில் அது ஏட்டுச் சுரைக்காய்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதும் வீண். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் கனம் அதற்கு ஏது?

மூட மனமில்லாதவர்கள் பால்கனியைக் கவனிக்கலாம். கம்பி கிராதிக்குப் பதில் கட்டைச்சுவர் இருந்தால், சாலை கண்ணுக்கு மறையும் உயரத்தில் ஹாரன் சத்தமும் ஓரளவு அடங்கும். மாநகரப் பேருந்தின் உறுமல் மட்டும் அடங்காது. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது, சுவரைச் சுலபமாக வளைந்து தாண்டிவிடும்.