ஜூன் 6ஐ முடிவு செய்த கப்பிகள்

ஆண்டுதோறும் ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்தின் நினைவு நாள். 1944ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலான நேச நாடுகள் சேர்ந்து, ஹிட்லர் பிடியிலிருந்த பிரான்ஸில் ஒரே நாளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கின. தளபதிகளின் கதை ஏராளமாகச் சொல்லப்பட்டுவிட்டது. அந்தத் தேதி ஏன், அந்த விடிகாலை ஏன் என்பதற்கான பதில் பெரும்பாலும் ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவதில் இருக்கிறது.

மெரினாவில் நின்று பழகிய நமக்கு ஓதம் பெரிய விஷயமாகப் படாது. சென்னையில் கடல் ஏறி வற்றுவது பௌர்ணமி, அமாவாசையில்கூட சுமார் ஒரு மீட்டர்தான். அலையடிப்பில் அது தெரியாமலே போய்விடும். பார்க்க ஆசைப்பட்டால் அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்துக்குப் போகலாம். மணல்திட்டு வாயை அடைக்காத நாட்களில், கடல் ஏறும் நேரத்தில் ஆறு மேற்குப் பார்த்து ஓடும். மிதக்கும் குப்பை கடலுக்குப் போகாமல் ஊருக்குள் திரும்பி வரும்.

ஆங்கிலக் கால்வாயில் கதையே வேறு. குறுகலான, ஆழமில்லாத அந்தக் கடலுக்குள் அட்லாண்டிக்கிலிருந்து நுழையும் ஓதம் நெருக்குண்டு, நார்மண்டிக் கரையில் 6 மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. வற்றும்போது நூற்றுக்கணக்கான மீட்டர் மணல் வெளியே வரும். ஜெர்மன் தளபதி ரோமல் அந்த மணலில்தான் இரும்புத் தடைகளையும், வெடி கட்டிய மரக்கம்பங்களையும் நட்டுவைத்தார். கடல் ஏறியிருந்தால் அவை தண்ணீருக்குள் மறைந்திருக்கும். மோதும் படகு கிழியும்.

எனவே வற்றிய கடல் ஏறத் தொடங்கும் நேரத்தில் இறங்குவதென்று முடிவானது. தடைகள் கண்ணுக்குத் தெரியும், வெடிவைத்து அகற்றலாம். தரைதட்டிய படகுகளை ஏறும் தண்ணீர் கிளப்பிவிடும். அந்த வற்றம் பொழுது விடிந்த சற்று நேரத்தில் அமைய வேண்டும். முந்தைய இரவில் பாராசூட் வீரர்களுக்கு நிலா வெளிச்சமும் வேண்டும். ஜூன் 5, 6, 7 ஆகிய நாட்களில் எல்லாம் கூடிவந்தன. ஜூன் 6 பௌர்ணமி.

இதை மாதக்கணக்கில் முன்கூட்டியே எப்படிச் சொன்னார்கள்? சந்திரனின் ஈர்ப்பு எழுப்பும் ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். சூரியனுடையது சரியாக 12 மணிக்கு ஒருமுறை. வலிமை சந்திரனுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. சுற்றுக்கு 25 நிமிடம் விலகிக்கொண்டே போகும் இவை 14.77 நாளில் மறுபடி ஒன்றுசேரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறுவது அதனால்தான். சந்திரன் பூமியை நெருங்குவது, வடக்கே தெற்கே போவது, கரையோரம் ஆழம் குறைவது என ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு சிற்றலையைச் சேர்க்கும். அவற்றின் உயரமும் நேரமும் ஊருக்கு ஊர் மாறும். அளந்துதான் அறிய முடியும்.

அத்தனையையும் கூட்டியது ஒரு பித்தளை இயந்திரம். சிற்றலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்சக்கரம். அதன் வேகத்துக்கு ஏறி இறங்கும் ஒரு கப்பி. ஒரே கம்பி எல்லாக் கப்பிகளிலும் மேலும் கீழுமாக வளைந்து ஓடும். அதன் ஒரு முனை அசையாமல் கட்டப்பட்டிருக்கும், மறுமுனையில் பேனா. கைப்பிடியைச் சுழற்றினால் ஒரு கப்பி கம்பியை இழுக்கும், இன்னொன்று தளர்த்தும். கழித்துக் கூட்டி மிஞ்சும் அளவுக்குப் பேனா நகர்ந்து காகிதத்தில் ஓதத்தை வரையும். கம்பியே கணக்குப் போட்டுவிடுகிறது! பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வின் 1872ல் கொண்டுவந்த யோசனை இது. இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879ல் எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த ஓர் இயந்திரம் லண்டனில் இயங்கியது.

போர்க்காலத்தில் பிரிட்டனின் ஓதக் கணக்கு லிவர்பூல் அருகே பிட்ஸ்டன் ஆய்வகத்தில், ஆர்தர் டூட்சன் பொறுப்பில் இருந்தது. ஒரே குண்டில் இரண்டும் போய்விடக் கூடாதென்று இரு இயந்திரங்களைக் கட்டடத்தின் எதிரெதிர் கோடிகளில் வைத்திருந்தார்கள். 1943 அக்டோபரில் கடற்படையிலிருந்து ஃபார்குஹார்சன் என்ற அதிகாரி, சிற்றலைகளின் உயரத்தையும் நேரத்தையும் குறிக்கும் எண்களை அனுப்பினார். ஊர்ப் பெயர் கிடையாது. ‘இசட் நிலை’ என்று மட்டும் குறிப்பு. 1944 ஏப்ரல் 1 முதல் நான்கு மாதங்களுக்கு மணிவாரியாகக் கணக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். படைகள் இறங்கவிருந்த ஐந்து கடற்கரைகளுக்கும் இடையே வற்றம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பின்னாக வந்ததால், இறங்கும் நேரமும் கரைக்குக் கரை மாறியது. அமெரிக்கர்கள் 6:30க்கு இறங்கினார்கள். பிரிட்டிஷார் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து.

காற்று மட்டும் கப்பிகளின் கணக்குக்குள் அடங்காது. வானிலை மோசமானதால்தான் ஜூன் 5 என்ற திட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது. இன்னும் தள்ளியிருந்தால் அடுத்த பொருத்தமான வற்றம் ஜூன் 19 வாக்கில்; அன்று கிளம்பிய புயல் நேச நாடுகள் அமைத்திருந்த மிதவைத் துறைமுகம் ஒன்றையே நொறுக்கியது. ஜூன் 6 அன்றும், கோல்ட் என்று பெயரிட்ட கரையில் காற்று தண்ணீரைத் தள்ளி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தடைகளை மூழ்கடித்தது.

சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை இன்று இந்திய சர்வே துறை வெளியிடுகிறது. கப்பிகளின் இடத்தில் கணினி வந்துவிட்டது, போடுவது அதே கூட்டல். புயல் நேரத்தில் அந்த அட்டவணை மட்டும் போதாது. காற்று குவிக்கும் தண்ணீர் எவ்வளவு என்பதை ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தனியாகக் கணக்கிட்டு எச்சரிக்கும். அது ஏற்றத்தோடு ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் அடையாறும் கூவமும் வெள்ளத்தைக் கடலுக்குள் தள்ளத் திணறும்.