பள்ளிச் சமையலருக்கும் ஆயாவுக்கும் தீத்தடுப்புப் பயிற்சி உண்டு, கேட்டு வாங்குங்கள்

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று தீ கிளம்பியது பள்ளியின் சமையல் கொட்டகையில். 94 குழந்தைகள் இறந்தார்கள். அதையொட்டி நடந்த பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆசிரியர்களோடு மற்றப் பணியாளர்களுக்கும் தீயணைப்பான் பிடிக்க, பிள்ளைகளை வெளியேற்றப் பயிற்சி தர வேண்டும். சமையலர், ஆயா, வாட்ச்மேன், தூய்மைப் பணியாளர் எல்லோரும் இதில் அடக்கம். சட்டம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

நடப்பது வேறு. நான் பார்த்த ஒரு பள்ளியில் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து செய்து காட்டினார்கள். சமையலக்கா அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தார். பிறகு பாத்திரம் கழுவும்போது பதிவேடு மட்டும் அவரிடம் வந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் ‘பயிற்சி பெற்றவர்தானே’ என்று உங்கள் பக்கமே திருப்புவார்கள்.

அரசுப் பள்ளியில் முதல் முட்டுக்கட்டை, ‘நீங்கள் எங்கள் ஆள் இல்லை’ என்பது. ஆசிரியர் பட்டியல் பள்ளிக் கல்வித் துறையிடம். சத்துணவு ஊழியர் சமூக நலத்துறை. காலை உணவு சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழு. துப்புரவுக்கு வருபவர் பெரும்பாலும் உள்ளாட்சியோ ஒப்பந்தக்காரரோ அனுப்பியவர். தலைமையாசிரியர் பி.டி.ஓ. ஆபீசைக் காட்டுவார், அவர்கள் திரும்பப் பள்ளியைக் காட்டுவார்கள். தீ பிடித்தால் மட்டும் எல்லோரும் ஒரே கட்டடத்துக்குள்தான்! சம்பளம் யார் தருகிறார் என்ற வாதத்துக்குள் போகாதீர்கள், அதற்கு முடிவே கிடையாது.

தலைமையாசிரியருக்கு மனு கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். வாய்ச்சொல்லைத் தட்டிக்கழிக்கலாம், தீர்மானப் புத்தகத்தை அவ்வளவு எளிதில் முடியாது. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் போகட்டும். நேரம் மதியச் சாப்பாடு முடிந்த பிறகு என்று அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். அப்புறமும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். கடைசியாக நடந்த பயிற்சியின் வருகைப் பதிவேட்டு நகலைப் பதவிப் பெயரோடு கேளுங்கள். பதிலுக்கு முன்னால் பயிற்சியே வந்துவிடுவதும் உண்டு.

பயிற்சியில் வேடிக்கை பார்க்காமல் தீயணைப்பானின் பூட்டு ஊசியை (பின்) நீங்களே இழுத்துப் பாருங்கள். தீயணைப்பான் தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடந்தால் சமையலறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடி போடுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

தனியார் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். வேலையில் காயம்பட்டால், சேர்ந்த முதல் நாளிலிருந்தே அதில் உரிமை உண்டு. ஆனால் கையில் கொதிநீர் கொட்டினால் ‘வீட்டில் கொட்டிக்கொண்டேன்’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்படி பள்ளி நிர்வாகத்தார் சொல்வார்கள். ஆட்டோ செலவுக்குக் காசும் தருவார்கள். டாக்டரிடம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நடந்தது என்று உள்ளபடி சொல்லி, சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறாரா என்று படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.