நெர்ஃப்: எங்கிருந்து வந்த சொல், தமிழில் எப்படிச் சொல்வது?

வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஆடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் "ஜெட்டை நெர்ஃப் பண்ணிட்டாங்க" என்ற புலம்பல் வந்துவிடும். ஜெட் என்பது அதில் வரும் ஒரு கதாபாத்திரம். ஒரு கதாபாத்திரத்தின் பலத்தையோ ஆயுதத்தின் பலத்தையோ, விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே அப்டேட்டில் வேண்டுமென்றே குறைப்பதுதான் நெர்ஃப். வேண்டுமென்றே என்பதில் ஓர் அழுத்தம் வேண்டும். கோளாறினால் கிடைத்துக்கொண்டிருந்த கூடுதல் பலத்தை எடுத்தால் அது பிழைதிருத்தம். அந்தக் கோளாறை நம்பியே ரேங்க் ஏறியவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது வேறு கதை.

சொல் வந்த வழி வேடிக்கையானது. அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1970இல் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்குள் எறிந்து விளையாடலாம், விளக்கு உடையாது, யாருக்கும் அடிபடாது என்பதுதான் அதற்கு விளம்பரமே. அதன் பெயர் நெர்ஃப். பின்னால் அதே பெயரில் ஸ்பாஞ்சுத் துப்பாக்கி, ஸ்பாஞ்சு வாள் எல்லாம் வந்தன. 1997இல் வெளியான அல்டிமா ஆன்லைன் விளையாட்டில் வாள் போன்ற கைச்சண்டை ஆயுதங்களின் அடியைக் குறைத்தபோது, ஆடுபவர்கள் நெர்ஃப் மட்டையால் அடித்துக்கொள்வதுபோல இருக்கிறது என்று எரிச்சல்பட்டார்கள். அந்த எரிச்சல்தான் அப்படியே வினைச்சொல்லாகி இன்றுவரை ஒட்டிக்கொண்டது. நெர்ஃப் என்பது ஏதோ நான்கு சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறதே, அது பிற்காலத்தில் கட்டியது, நம்ப வேண்டாம்.

சரி, நெர்ஃப் ஆனால் ஆள் செத்துவிட்டான் என்று அர்த்தமா? ஜெட்டையே பார்ப்போம். ஆரம்பத்தில் அவளுடைய டேஷ், அதாவது சட்டென்று பாய்ந்து விலகும் திறன், ஒரு பொத்தான் தூரம்தான். ஆப்பரேட்டர் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் ஒரு குண்டு சுடு, பட்டாலும் படாவிட்டாலும் அடுத்த நொடி பறந்து தப்பி விடு. விளையாட்டுக் காசில் 4,700 கிரெடிட் ஆகும் துப்பாக்கியைப் பயமே இல்லாமல் ஆட முடிந்தது. 2022இல் 4.08 அப்டேட்டில், விளையாட்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் இதில் கை வைத்தது. பொத்தானை அழுத்தினால் முதலில் டேஷ் தயாராகும், அதிலிருந்து 12 வினாடிக்குள் பறக்க வேண்டும், இல்லையென்றால் வீண். 2023இல் 7.04 வந்தபோது அந்த 12 வினாடியும் 7.5 ஆகிவிட்டது, தயாராகும் நேரம் முக்கால் வினாடியிலிருந்து ஒரு வினாடி ஆனது. 100 வினாடி ரவுண்டில் 7.5 வினாடி!

இங்கே டேஷின் வேகமோ தூரமோ பிரச்சினை இல்லை. பறிபோனது, ஆபத்தைப் பார்த்தபிறகு தப்பிக்கும் வசதி. அதனால் ஆடுபவர்கள் முடிவை முன்னால் நகர்த்தினார்கள். ரவுண்டு தொடங்கும்போது இரு அணிகளையும் பிரித்துவைத்திருக்கும் தடுப்பு விலகுவதற்குச் சற்று முன்பே டேஷைத் தயார் செய்துகொண்டு போய் நிற்பது, நேரம் தீர்ந்தால் அதே இடத்தில் வீம்புக்கு நிற்காமல் பின்வாங்குவது, கூட்டாளி எதிரியின் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷை வீசும் கணக்கைக் கேட்டுக்கொண்டு அதோடு சேர்த்து அழுத்துவது என்று ஆட்டமே பேச்சு அதிகமுள்ள ஆட்டமாகிவிட்டது. யாரிடமும் பேசாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஜெட் மெயின்களுக்குத்தான், அதாவது எப்போதும் ஜெட்டையே எடுத்து ஆடுபவர்களுக்குத்தான், அடி பலம். என்னைக் கேட்டால் அவர்களுக்கு அது தேவைதான். இரண்டு பேரைக் கொன்றால் டேஷ் திரும்பக் கிடைக்கும் என்ற விதி இருந்ததால், குறி நன்றாக இருப்பவர்கள் அவளை விடவே இல்லை. மற்றவர்கள் கொஞ்ச நாள் முனகிவிட்டு ரேஸ் என்ற இன்னொரு கதாபாத்திரத்தின் பக்கம் போனார்கள்.

அப்புறம் தமிழ்ச் சொல். "வலுக்குறைப்பு" சரியான பொருள்தான், ஆனால் அரசு அறிக்கை வாடை அடிக்கிறது. "முடக்கம்" கூடாது, கோளாறு காரணமாக ஒரு ஆளைத் தற்காலிகமாகத் தேர்வு செய்யவே விடாமல் நிறுத்திவைப்பார்கள் பாருங்கள், அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம். என் ஓட்டு "மழுக்கல்" என்பதற்கு. கத்தி மழுங்கிப்போச்சு என்று தினமும் சொல்கிறோம். மழுங்கு தானாக நடப்பது, மழுக்கு ஒருவர் செய்வது. அந்த "வேண்டுமென்றே" இதிலேயே வந்துவிடுகிறது. வாள் அடி குறைந்த கதையோடும் ஒத்துப்போகிறது. மழுங்கிய கத்தியும் வெட்டும், கூட அழுத்த வேண்டும், அவ்வளவுதான். எதிர்ச்சொல்லும் இலவசமாகக் கிடைக்கிறது: பலத்தைக் கூட்டும் பஃப் என்றால் தீட்டல். ஜெட்டை மழுக்கிட்டாங்க, ரேஸைத் தீட்டிட்டாங்க. வாயில் தடுக்காமல் வருகிறது.

இந்தச் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 2022 கடைசியில் 5.12 அப்டேட்டில் சேம்பர் என்ற கதாபாத்திரத்துக்கு நடந்ததைப் பாருங்கள். நொடியில் இடம் மாறித் தப்பிக்க இரண்டு நங்கூரங்கள் வைத்திருந்தவனுக்கு ஒன்றுதான் என்றார்கள், அவன் தூரமாகப் போனால் எதிரிக்கு வைத்த பொறி வேலை செய்யாது என்றார்கள், அவனுடைய உச்சத் திறனான அல்டிமேட் துப்பாக்கி சுடும் வேகத்தைப் பாதிக்குமேல் வெட்டினார்கள். ஆடும் முறையே மாறிவிட்டதால் அதை மாற்றியமைப்பு என்பதுதான் நியாயம். சேம்பர் மெயின்கள் கும்பலாக ஜெட்டிடமே திரும்பினார்கள். அடுத்த வருடம் ரயட்டே சேம்பரைக் கொஞ்சம் தீட்டவும் வேண்டியதாயிற்று.