சமையல் மஞ்சளும் கேப்ஸ்யூல் மஞ்சளும் ஒன்றல்ல

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பிரஷர் மாத்திரையைச் சொல்வார்கள், சர்க்கரை மாத்திரையைச் சொல்வார்கள். தினமும் போடும் குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தரும் முக்கியப் பொருள்) கேப்ஸ்யூலைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. மஞ்சள்தானே என்ற நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது.

மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். ஒருவருக்கு ஒரு நாளில் 1 கிராம் தூள் உணவில் சேர்ந்தாலும் 30 மில்லிகிராம்தான். ‘95% குர்குமினாய்டு’ (குர்குமினும் அதன் வகைகளும்) என்று போட்ட 500 மி.கி. கேப்ஸ்யூல் ஒன்றில் இருப்பதோ 475 மி.கி. அதையே தூளாகச் சாப்பிட்டால் 15 கிராமுக்கு மேல், சுமார் ஐந்து டீஸ்பூன். குழம்பில் அவ்வளவு விழுந்தால் நாக்கே தடுத்துவிடும். கேப்ஸ்யூலில் அந்தத் தடை இல்லை. உணவு நிறமியாகக் குர்குமினுக்கு வகுத்திருக்கும் அன்றாட வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. அறுபது கிலோ ஆளுக்கு 180 மி.கி.

செல்லுக்குள் குர்குமின் என்ன செய்கிறது? செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள புரதங்கள் எலக்ட்ரான்களைக் கைமாற்றித்தான் ஆற்றல் உண்டாகிறது. முக்கியமாக முதலாவது, மூன்றாவது புரதத் தொகுதிகளில் கொஞ்சம் எலக்ட்ரான் கசிந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர்ஆக்சைடு என்ற, மற்றவற்றைத் தாக்கும் பொருளாகிறது. கசிவு மிஞ்சினால் அங்குள்ள புரதங்களே சிதைகின்றன. சிதைந்த மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. வெளியே வந்தால் செல் அதை அபாயக் குறியாக எடுத்துக்கொண்டு அழற்சியைத் தூண்டுகிறது.

குர்குமின் இந்தக் கசிவை நேராகத் துடைப்பதைவிட, செல்லை லேசாக உறுத்துவதுதான் முக்கியம். கீப்-1 என்ற புரதத்தின் கந்தக முனைகளில் அது ஒட்டும்போது, அந்தப் புரதம் பிடித்து வைத்திருந்த என்.ஆர்.எஃப்-2 என்ற இன்னொரு புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் போய், செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் உற்பத்தியைக் கூட்டுகிறது. அழற்சி மரபணுக்களை இயக்கும் என்.எஃப்-கப்பா-பி பாதையும் மட்டுப்படுகிறது. இதே கந்தகப் பற்றுதான் அளவு மிஞ்சினால் திரும்பித் தாக்குகிறது. எலிக் கல்லீரலிலிருந்து பிரித்த மைட்டோகாண்ட்ரியாவில் குர்குமின், சவ்வுப் புரதங்களின் கந்தக முனைகளை ஆக்சிஜனேற்றி, சவ்வில் துளை திறக்கச் செய்தது.

விளம்பரங்கள் காட்டும் ஆய்வுகளை இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும். தட்டில் வளர்க்கும் செல்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமோலார் (கரைசலில் உள்ள செறிவின் அளவு) கொடுப்பார்கள். மனிதர்களுக்கு நாளுக்கு 8 கிராம் கொடுத்தபோதும் ரத்தத்தில் சராசரி உச்சம் 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. குடல்சுவரும் கல்லீரலும் குர்குமினை உடனுக்குடன் மாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. உடலின் இந்தத் தடுப்பை உடைக்கத்தான் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-இல் வெளியான பெங்களூர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் தந்தபோது உறிஞ்சப்பட்ட அளவு 2000 சதவீதம் கூடியது.

பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. வலிப்புக்குத் தரும் பெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால் ஆகியவற்றின் ரத்த அளவையும் ஏற்றுகிறது. பெனிடாயின் கொஞ்சம் கூடினாலே நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும்.

கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் உண்மை. அமெரிக்காவில் 2022-இல் வெளியான தொகுப்பில் மஞ்சளால் கல்லீரல் பாதித்த 10 பேரில் 7 பேருக்கு எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபு வகை இருந்தது, ஒருவர் இறந்தார். இது நோயெதிர்ப்பு வழியாக வரும் தாக்குதல் என்றே கருதப்படுகிறது. அதனால் ‘அளவாகத்தான் சாப்பிடுகிறேன்’ என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. பெரும்பாலும் ஆரம்பித்து 1 முதல் 4 மாதத்தில் தெரியும்: அசதி, பசியின்மை, குமட்டல், கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள். நம்மூரில் இந்தக் கட்டத்தில்தான் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கத் தொடங்குகிறார்கள், கேப்ஸ்யூலும் கூடவே ஓடுகிறது. முதலில் கேப்ஸ்யூலை நிறுத்துங்கள். எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுங்கள். அதில் வரும் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் நொதி) இயல்பின் உச்சத்தைப்போல் 3 மடங்கையும் பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறமி) 2 மடங்கையும் தாண்டினால் அன்றே மருத்துவமனை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரம், சில மாதத்தில் சரியாகும். சரியானபின் மறுபடி தொடங்கக் கூடாது. மறுமுறை வேகமாகத் தாக்கலாம்.

பித்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களும் வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தருவது), டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தருவது) எடுப்பவர்களும் இந்தக் கேப்ஸ்யூலைத் தொடவே வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு மஞ்சள்தூள் கேப்ஸ்யூலும் ஆகாது, அதில் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம்.

மற்றவர்கள் வாங்குமுன் லேபிளில் மூன்றைப் பாருங்கள்: குர்குமினாய்டு எத்தனை மி.கி., பைப்பரின் அல்லது ‘பிளாக் பெப்பர் எக்ஸ்ட்ராக்ட்’ உண்டா, ‘லைப்போசோமல்’, ‘பைட்டோசோம்’ போன்ற, கொழுப்பில் பொதிந்து உறிஞ்சலைக் கூட்டும் வகையைக் குறிக்கும் சொல் உண்டா. பின்னிரண்டில் ஒன்று இருந்தாலும் உடலுக்குள் போகும் அளவு பல மடங்கு. அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, மயக்க மருந்து மருத்துவரிடம் அந்த டப்பாவையே காட்டுங்கள்.