பூஜ்யத்தில் தொடங்காத சிக்னல்

8 மீட்டர் உயரமான ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில், நீர்மட்டத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் ஒரு லெவல் டிரான்ஸ்மிட்டர். 500 மீட்டர் தள்ளி, பேனலுக்குள் பிஎல்சி, அதாவது அந்த சிக்னலைப் படித்து பம்பை இயக்கும் தொழிற்சாலைக் கணினி. இடையில் ஓடுவது இரண்டே கம்பிகள். தொட்டி காலியென்றால் அவற்றில் 4 மில்லி ஆம்பியர் ஓடும், நிரம்பினால் 20. மீட்டருக்கு 2 மில்லி ஆம்பியர் என்ற கணக்கு. 10 வந்தால் 3 மீட்டர் தண்ணீர் நிற்கிறது.

இதையே வோல்ட்டாக அனுப்பினால் என்ன? அனுப்பலாம்தான். ஆனால் தொட்டியடி எர்த்தும் பேனல் எர்த்தும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசம் அளவீட்டில் கலந்துவிடும். பக்கத்தில் மோட்டார் கேபிள் போனால் அதன் இரைச்சலும் ஏறிக்கொள்ளும். மின்னோட்டத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரே சுற்றில் எங்கே அளந்தாலும் அது ஒரே அளவுதான். கம்பியின் தடை சற்றுக் கூடினாலும், டிரான்ஸ்மிட்டர் தன் பங்கு வோல்ட்டைக் குறைத்துக்கொண்டு அதே 10 மில்லி ஆம்பியரை ஓடவிடும். பிஎல்சி பக்கம் பெரும்பாலும் 250 ஓம் தடை இருக்கும். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் அதில் 1 முதல் 5 வோல்ட்டாக விழ, அதை எண்ணாக மாற்றிக்கொள்கிறார்கள்.

சரி, ஏன் 4? என்னைக் கேட்டால், இந்த முறையின் அழகே அங்கேதான் இருக்கிறது. 0 முதல் 20 என்று வைத்திருந்தால், காலித் தொட்டியும் 0, எலி கடித்து அறுந்த கம்பியும் 0. பிஎல்சி இரண்டையும் 'தண்ணீர் இல்லை' என்றே படித்து, பம்பை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும், தொட்டி வழியும். 4-இல் தொடங்கினால் 0 என்பது பழுது மட்டுமே. அதோடு, டிரான்ஸ்மிட்டர் உயிர்வாழத் தேவையான மின்சாரமும் அந்த 4-க்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அதனால்தான் இரண்டு கம்பி போதுமாகிறது.

மின்னணுக் கருவிகளுக்கு முந்தைய ஆலைகளில் காற்றழுத்தமே சிக்னல்: சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு. அங்கேயும் பூஜ்யம் இல்லை, விகிதமும் இதே ஒன்றுக்கு ஐந்துதான். குழாய் உடைந்தால் உடனே தெரியும்.

பின்னாளில், ஆலைகளில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவோரின் சங்கமான ஜெர்மனியின் நாமுர் அமைப்பு, என்ஈ 43 என்ற பரிந்துரையில் எல்லைகளைத் துல்லியமாக வகுத்தது. 3.8 முதல் 20.5 மில்லி ஆம்பியர் வரை அளவீடு, 3.6-க்குக் கீழே அல்லது 21-க்கு மேலே போனால் பழுது.

இவ்வளவும் இருந்தும் புரோகிராமில் ஒரே வரியில் இதைக் கெடுத்துவிட முடியும். கம்பி அறுந்தால் கணக்குப்படி மட்டம் மைனஸ் 2 மீட்டர் என்று வரும். திரையில் மைனஸ் அசிங்கமாகத் தெரிகிறதே என்று, 0-க்குக் கீழே வந்தால் 0 என்றே காட்டு என எழுதிவிடுகிறார்கள். அறுந்த கம்பி மறுபடியும் காலித் தொட்டியாகிவிடும். 3.6-க்குக் கீழே போனதா என்ற சோதனையை அந்த வரிக்கு முன்னாலேயே வைத்து, பம்பை நிறுத்தி, அலாரம் அடிக்கச் சொல்ல வேண்டும்.