ஓடையே இல்லாத ஏரியில் மீன்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் மேலே கிரேட்டர் ஏரி இருக்கிறது. ஆழம் 594 மீட்டர். அந்த நாட்டிலேயே மிக ஆழமான ஏரி இதுதான். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்தது. உள்ளே தேங்கியிருந்த பாறைக்குழம்பு வெளியேறிவிட, தாங்க ஒன்றுமில்லாமல் மலையின் தலையே உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் பல நூற்றாண்டுகள் சேர்ந்து ஏரியானது.

இதில் வந்து கலக்கும் ஆறு கிடையாது, இதிலிருந்து புறப்படும் ஆறும் கிடையாது. அப்படியானால் ஏன் நிரம்பி வழியவில்லை? வானத்திலிருந்து வருகிற அளவு நீர், ஆவியாகவும் பாறை இடுக்குகள் வழியே கசிந்தும் போய்விடுகிறது. ஆறு கொண்டுவரும் வண்டலும் சத்துகளும் இல்லாததால் நீர் அப்படித் தெளிந்து கிடக்கிறது: தெளிவை அளக்க உள்ளே இறக்கும் தட்டு 30 மீட்டர் ஆழத்திலும் கண்ணுக்குத் தெரியும். வெளிச்சம் இவ்வளவு தூரம் இறங்குவதால் 100 மீட்டருக்குக் கீழேகூட பாசி வளர்கிறது.

சரி, ஆறே இல்லாத இடத்துக்கு மீன் எப்படி வரும்? வரவில்லை. 1888இல் வில்லியம் ஸ்டீல் என்பவர் மீன்குஞ்சுகளைச் சுமந்துவந்து விட்டார். 1941 வரை இப்படி விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆறு வகை விட்டதில் தாக்குப்பிடித்தவை இரண்டு: வானவில் டிரவுட், கோகனி.

கோகனி என்பது சாக்ஐ சால்மனின் ஏரிவாசி வடிவம். சாக்ஐயோ கடலுக்குப் போய் வளர்ந்து, ஆறேறி வந்து முட்டையிட்டுச் சாகும் இனம். இங்கே கடலும் இல்லை, ஏறுவதற்கு ஆறும் இல்லை. அதனால் கோகனி நடு ஏரியில் டாஃப்னியா போன்ற மிதவை உயிரிகளைத் தின்று, கரையோரச் சரளைக்கல்லில் முட்டையிட்டு, அதோடு செத்துப்போகிறது. இரை பெருகினால் கோகனி பெருகும். கோகனி பெருகினால் இரை தீரும். அப்புறம் கோகனியும் சரியும். டிரவுட்டோ கரையை ஒட்டி, நீரில் விழும் பூச்சிகளைப் பிடிக்கும்.

இந்த ஏரியில் எனக்கு மிகவும் பிடித்த உயிர் மீன் அல்ல, மசாமா நியூட். தவளையின் தூரத்து உறவான இந்த வாலுள்ள இருவாழ்வி உலகில் இங்கே மட்டும்தான் உண்டு. வெளியே வாழும் இதன் உறவினங்களின் தோலில் கடும் நஞ்சு இருக்கும். இதற்கு அது மிகக் குறைவு. தன்னைத் துரத்தும் எதிரியே இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த உயிர் இது.

1915இல் மீன்களுக்கு இரையாகட்டும் என்று கிரேஃபிஷ் எனும் நன்னீர்ச் சிங்கியிறாலைக் கொண்டுவந்து விட்டார்கள். அது நியூட்டைத் தின்றது. தின்னாதபோதும் அதன் கல்லிடுக்குகளைப் பிடித்துக்கொண்டது, அதன் பூச்சிகளைத் தின்று தீர்த்தது. மீன் விடுவதை நிறுத்த முடிந்தது. கிரேஃபிஷ் பரவுவதை நிறுத்த முடியவில்லை. கரையோரக் கல்லைப் புரட்டினால் இப்போது பெரும்பாலும் நியூட் இருப்பதில்லை, கிரேஃபிஷ்தான் இருக்கிறது.