ரேக்கு, ஸ்பைக்கு, ஸ்பிரிங்கு: டர்ன்டேபிளுக்கு அடியில என்னதான் நடக்குது?

ஆம்ப் வாங்கியாச்சு, ஸ்பீக்கர் வாங்கியாச்சு, இனி இதையெல்லாம் எதுமேல வெக்கிறதுன்னு தேட ஆரம்பிச்சீங்கன்னா ரப்பர் காலுலருந்து லட்ச ரூபா ரேக்கு வரைக்கும் கண்ணு முன்னாடி வந்து நிக்கும், எல்லாமே "அதிர்வைத் தடுக்கும்"னுதான் சொல்லும். எந்த அதிர்வை, எங்கருந்து வர்றதை, எவ்ளோ தடுக்கும்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. சேலம் அம்மாபேட்டைல விசைத்தறி ஓடுற தெருவுல இருக்கிறவருக்கும் ஏற்காட்டுல மரத்தளம் போட்ட பழைய பங்களாவுல இருக்கிறவருக்கும் அதே நாலு காலைத்தான் விக்கிறாங்க. அது ஒருத்தருக்கு உதவும், இன்னொருத்தருக்கு நல்லா இருந்ததையும் கெடுத்து வெக்கும்.

மொதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அதிர்வைப் பத்தி நெசமாவே கவலைப்பட வேண்டிய சாமான் டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர்தான். ஏன்னா அதுல பாட்டே அசைவாத்தான் இருக்குது. ரெக்கார்டு பள்ளத்துல ஊசி ஆடுறதை கார்ட்ரிட்ஜ் கரண்டா மாத்துது, டெஸ்ட் ரெக்கார்டுல வெட்டுற வழக்கமான அளவுல 1000 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 1000 ஆட்டம்) சத்தத்துக்கு ஊசி ஒரு பக்கமா நகர்றது சுமார் 8 மைக்ரான், நம்ம தலைமுடியே 70 மைக்ரான் பக்கம் இருக்கும். அதைவிட 40 டெசிபல் கம்மியான, அதாவது நூறுல ஒரு பங்கு அசைவுள்ள மெல்லிசான சத்தம்னா 0.08 மைக்ரான். இந்த அளவு அசைவைப் படிக்கிற சாமான், அடியில இருக்கிற மேசை அசைஞ்சா அதையும் சேத்துத்தான் படிக்கும். பள்ளம் நகர்ந்துச்சா, இல்ல கார்ட்ரிட்ஜோட உடம்பு நகர்ந்துச்சான்னு அதுக்குத் தெரியாது, ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் அதுக்குத் தெரியும். இதுபோக ரெக்கார்டு வெட்டும்போது பேஸை, அதாவது அடிக்குரல் சத்தத்தைக் கொறச்சு வெட்டி, போனோ ப்ரீஆம்ப்ல (ஊசிலருந்து வர்ற சின்ன சிக்னலைப் பெருசாக்குற பெட்டி) திருப்பி ஏத்துறாங்க, 1000 ஹெர்ட்ஸோட ஒப்பிட்டா 20 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட ஒம்போது மடங்கு ஏறுது. அப்போ தரைலருந்து வர்ற உறுமலுக்கும் அதே ஒம்போது மடங்கு மரியாதை கெடைக்கும்.

இப்ப ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க. கனமான ஒரு பூட்டை ரப்பர் பேண்டுல கட்டி கையில தொங்க விடுங்க. கையை மெதுவா மேல கீழ ஆட்டினா பூட்டும் கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல கை துளி அசைஞ்சாலும் பூட்டு எகிறிக் குதிக்கும். அதையும் தாண்டி படபடன்னு ஆட்டினா கைதான் ஆடும், பூட்டு இருந்த எடத்துலயே நிக்கும். ஐசொலேஷன் கால், அதாவது அதிர்வைத் தடுக்க அடியில வெக்கிற காலோட மொத்த கதையும் இவ்ளோதான். பூட்டு குதிச்ச அந்த வேகம்தான் அந்த ஜோடியோட இயல்பு அதிர்வெண், அதைவிட சுமார் 1.4 மடங்கு மேல போனாத்தான் தடுப்பே ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ தடுக்காது, அந்த அதிர்வெண் பக்கத்துல வந்தா கூட்டி வேற குடுக்கும். ஆக எந்தக் காலும் எல்லா அதிர்வையும் தடுக்காதுங்க.

அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும். மேல பாரம் ஏத்துறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கோட உயரம், ஏத்தின பிறகு உயரம், எத்தனை மில்லிமீட்டர் அமுங்குச்சோ அதோட வர்க்கமூலத்தால 16-ஐ வகுத்தா ஹெர்ட்ஸ் வந்துரும். 1 மில்லி அமுங்கினா 16 ஹெர்ட்ஸ், 4 மில்லின்னா 8, 10 மில்லின்னா 5. 1 ஹெர்ட்ஸுக்கு இறக்கணும்னா கால் மீட்டர் அமுங்கணும், அது வீட்டுல நடக்கிற காரியம் இல்ல. ரப்பர்ல இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாத்தும், ஆடும்போது ரப்பர் இன்னும் விறைப்பாத்தான் நடந்துக்கும், அதனால உண்மையான எண் கணக்கை விட மேலதான் இருக்கும்.

இந்தக் கணக்கு தெரிஞ்சா கடையில பாதி சாமானை வாங்கவே மாட்டீங்க. வாஷிங் மிஷினுக்கு அடியில வெக்கிற ரப்பர் பேடு இருக்குதே, விலை கம்மின்னு நெறய பேர் அதைத்தான் டர்ன்டேபிளுக்கு வெக்கிறாங்க. அது ஒவ்வொண்ணும் பதினஞ்சு இருவது கிலோ தாங்குறதுக்கு செஞ்சது, அதுமேல 8 கிலோ பிளேயரை நாலு மூலையா பிரிச்சு வெச்சா ஒரு பேடுக்கு 2 கிலோதான், அரை மில்லி அமுங்கினாலே பெருசு. அரை மில்லின்னா 22 ஹெர்ட்ஸ். அதாவது பேஸ் ஆரம்பிக்கிற எடத்துலயே கூட்டிக் குடுக்குது, கீழ எதையும் தடுக்கல. சோர்போத்தேன்னு விக்கிற பிசுபிசு ரப்பரும் அப்படித்தான், எடைக்குத் தக்க சைஸ் வாங்கினாத்தான் வேலை செய்யும், கூடுதல் எடைக்கானதை வாங்கிட்டா சும்மா ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும்.

இன்னொரு சிக்கல் ஆர்ம்ல இருக்குது. டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்குற நீளக் கை) ஒரு பாரம், ஊசியைப் புடிச்சிருக்கிற சின்னத் தண்டு ஒரு ஸ்பிரிங், ரெண்டும் சேந்து அதுக்குன்னு ஒரு அதிர்வெண் இருக்கும், அது 8-லருந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கிறது நல்லதுன்னு கணக்கு. கோணலான ரெக்கார்டோட மெதுவான ஏத்த இறக்கம் அதுக்குக் கீழ இருக்கும், பாட்டு மேல இருக்கும். இப்ப காலும் 10 ஹெர்ட்ஸ் பக்கமா வந்து நின்னா ஆடுற ரெண்டும் ஒண்ணா கைகோத்துக்கும். ரெண்டு மூணு மில்லி அமுங்குற கால்தான் இதுல மோசம். பாக்க மெத்துன்னு இருக்கும், செய்றதெல்லாம் வினை.

சரி, சேலத்துக்கு வருவோம். நம்ம வீடுங்க பெரும்பாலும் கான்கிரீட்டு, கீழ் வீடுன்னா தரை மண்ணுமேல உக்காந்திருக்குது, அதுமேல டைல்ஸ். நீங்க நடந்தா ஊசிக்கு ஒண்ணுமே தெரியாது. அப்படி இருக்கிறவங்க ரேக்குக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசைல இல்லாம பாத்துக்கிட்டா போதும். தறி ஓடுற தெருன்னா கதையே வேற. சாதாரண விசைத்தறி நிமிஷத்துக்கு 120, 150 தடவை அடிக்கும், அதாவது செகண்டுக்கு ரெண்டு ரெண்டரை. அந்த 2 ஹெர்ட்ஸை எந்தக் காலும் தடுக்காது, ஆனா அதைப்பத்தி பெருசா கவலையும் வேண்டாம், அவ்ளோ மெதுவா ஆடும்போது ரெக்கார்டும் ஆர்மும் ஒண்ணாவே ஏறி இறங்கும், வித்தியாசம் கம்மி. தொந்தரவு பண்றது அந்த ஒவ்வொரு அடியும் தடார்னு விழுறதால கூடவே வர்ற மடங்குங்க, 8, 10, 12-ன்னு ஆரம்பிச்சு 30, 50 வரைக்கும் ஏறும். இங்கதான் 10 மில்லி அமுங்குற ஸ்பிரிங் காசுக்கு வேலை செய்யும்: 10 ஹெர்ட்ஸ் மூணுல ஒரு பங்கா கொறையும், 50 ஹெர்ட்ஸ் நூறுல ஒரு பங்கு ஆயிரும். நடுவுல 4, 6 ஹெர்ட்ஸ் ஏறும், அதை அடக்கத்தான் ஸ்பிரிங்கோட கொஞ்சம் ஸ்பாஞ்சோ ஃபெல்ட்டோ சேக்கிறது, அதையும் அளவோட சேக்கணும், ரொம்ப சேத்தா மேல தடுக்கிறது கொறஞ்சிரும். சூரமங்கலத்துல ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

ஏற்காட்டுல இதையே செஞ்சீங்கன்னா கெட்டுது. மரத்தளமே ஒரு ஸ்பிரிங்கு, உத்தரத்துக்கு உத்தரம் பலகை போட்டது, ஒருத்தர் நடந்தா செகண்டுக்கு ரெண்டு அடி, அதோட மடங்கு 4, 6 ஹெர்ட்ஸ், அது சரியா உங்க 5 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் குதிக்கிற எடத்துல வந்து விழும். யாராச்சும் காபி எடுத்துட்டு வந்தாலே ஊசி தாவும். அங்க ஸ்பிரிங்கை மறந்துட்டு சுவத்துக்குப் போங்க. பாரம் தாங்குற கெட்டியான சுவத்துல இரும்பு பிராக்கெட் அடிச்சு, இலேசான விறைப்பான பலகை ஒண்ணு போட்டா தரை என்ன ஆடினாலும் பிளேயருக்கு சேதி போகாது. பழைய கல் சுவருன்னா போல்ட்டு கல்லுக்குள்ள எறங்கணும், இடுக்குல இருக்கிற சாந்துல எறங்கினா கொஞ்ச நாள்ல தளந்துரும். சுவத்துல ஆணி அடிக்க விட மாட்டாங்கன்னா ரேக்கை ரூம் நடுவுல வெக்காம உத்தரம் சுவத்துல உக்கார்ற ஓரமா தள்ளிப் போடுங்க, அங்க பலகை அவ்ளோ வளையாது. (பிளேயரை மலைக்குக் கொண்டு போறவங்க பிளேட்டரை, அதாவது ரெக்கார்டு வெச்சுச் சுத்துற தட்டைக் கழட்டி ஆர்மைக் கட்டிட்டுத்தான் ஏறணும், 20 ஹேர்பின் வளைவு இருக்குது.)

ஸ்பிரிங் உள்ளயே வெச்சு வர்ற பிளேயர் வேற உண்டு, 1961-ல எட்கர் வில்ச்சர் ஏஆர் கம்பெனிக்காக கொண்டு வந்தது அந்த வகைல பேர் பெத்தது, பிளேட்டரையும் ஆர்மையும் ஒரே சட்டத்துல கட்டி அதை மூணு ஸ்பிரிங்குல தொங்க விட்டுருப்பாரு. அந்த மாதிரி பிளேயருக்கு அடியில இன்னொரு ஸ்பிரிங் வெச்சா ஒண்ணை ஒண்ணு ஆட்டிக்கிட்டு கெடக்கும். அதுக்கு விறைப்பான பலகை மட்டும் போதும்.

ஸ்பைக்கை, அதாவது கூர்முனை வெச்ச காலைப் பத்தி நெறய கதை ஓடுது, அதிர்வு ஒரு பக்கமா மட்டும்தான் போகும்பாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. ஸ்பைக்கு தரையோட கெட்டியா புடிச்சு நிக்க வெக்கும், கார்ப்பெட்டைக் குத்தி கீழ இறங்கி ஆடாம நிக்கும், அவ்ளோதான். நம்ம டைல்ஸ் தரைக்கு அது தேவையே இல்ல: 40 கிலோ ரேக்கு நாலு முனைல நின்னா ஒரு முனைக்கு 10 கிலோ, முனை 1 சதுர மில்லின்னா அங்க அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோ. டைல்ஸ் பாலிஷ் பேந்துரும். இருந்தே ஆகணும்னா அடியில ஒரு ரூபா காசு வெச்சுக்கோங்க.

ரேக்கை நம்ம ஊர்லயே அடிச்சுக்கலாம். வெல்டிங் பட்டறைல ஸ்கொயர் டியூபுல சட்டம் போடச் சொல்லி, குழாய்க்குள்ள நல்லா வறுத்து ஆறவெச்ச மணலைக் கொட்டி அடைச்சுருங்க, தட்டினா "ணங்"னு கேட்டது "தொப்"புன்னு ஆயிரும், மணல் ஒண்ணோட ஒண்ணு உரசி அதிர்வைத் தின்னுரும். ஈரம் இருந்தா உள்ளருந்தே துரு புடிக்கும். மேல் தட்டுக்கு என்னோட ஓட்டு கிரானைட் கடைல கெடக்கிற சிங்க் வெட்டின துண்டுக்குத்தான். சமையல் மேடைல சிங்க் போட அறுத்து எடுத்த சதுரம், 50-க்கு 40 சென்டிமீட்டர், ரெண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான தடிமன், கிட்டத்தட்ட 10 கிலோ வரும். எடை கூடினா அதே ஸ்பிரிங் இன்னும் அமுங்கி அதிர்வெண் கீழ போகும். கல்லு தனியா தட்டினா கிண்ணுன்னு பாடும், அதனால பிளேயருக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு கார்க் ஷீட்டு போட்டுருங்க. கண்ணாடி ரேக்கு பாக்க அழகு, பாடுறதுல கல்லை விட மோசம். பார்ட்டிகிள் போர்டு ஏற்காட்டுப் பனிக்கும் மழைக்கும் உப்பிப் போயிரும், பிளைவுட்டுன்னா அந்தத் தொல்லை கம்மி.

மத்த சாமானுக்கு? சிடி பிளேயர்ல லேசரை செர்வோ (வழி மாறினா உடனே திருத்துற ஏற்பாடு) புடிச்சு நடத்துது, தப்பாப் படிச்சதை கணக்குப் போட்டுத் திருத்திக்குது, சாதாரண ஆட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்ட்ரீமர், டிஏசி (டிஜிட்டலை பாட்டு சிக்னலா மாத்துற பெட்டி), டிரான்சிஸ்டர் ஆம்ப் எதுக்கும் காஸ்ட்லி கால் வேண்டாம். வால்வு ஆம்ப் மட்டும் விதிவிலக்கு, வால்வைத் தட்டினா ஸ்பீக்கர்ல கேக்கும், ஸ்பீக்கர்லருந்து தள்ளி வெச்சா சரி. ஆம்புக்கு அதிர்வை விட சேலத்து சித்திரை வெயில்தான் எதிரி, மேல ஒரு சாண் எடம் விட்டு, பின்னாடி தெறந்து வையுங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பக்கத்துக்கு நேர் மேல கார்ட்ரிட்ஜ் வராம பாத்துக்கோங்க, ஹம் அடிக்கும்.

காலை மாத்தணுமா வேண்டாமான்னு சந்தேகமா இருந்தா, பிளேட்டரை நிறுத்திட்டு ரெக்கார்டு மேல ஊசியை இறக்கி, வால்யூமைக் கொஞ்சமா ஏத்தி, ரேக்கை விரல் மொட்டியால தட்டிப் பாருங்க. அடுத்து தரையில நடந்து பாருங்க. அடுத்து வேற ஒரு பாட்டை சிடில போட்டு, ஊசிலருந்து என்ன வருதுன்னு ஹெட்போன்ல கேளுங்க, அதுல காத்து வழியா வர்றதுக்கு எந்த ரேக்கும் பதில் சொல்லாது, மூடியைக் கழட்டி வெச்சுட்டு பிளேயரை ரூம் மூலைலருந்து வெளிய இழுக்கிறதுதான் வழி. போன்ல ஃபைஃபாக்ஸ் ஆப் போட்டு போனை ரேக்கு மேல வெச்சா எத்தனை ஹெர்ட்ஸ்ல ஆடுதுன்னு படமாவே காட்டும், ஜெர்மனில இருக்கிற ஆகன் யுனிவர்சிட்டிக்காரங்க செஞ்சது, ஃப்ரீதான்.

தறித் தெருக்காரங்க ஸ்பிரிங் செலவே இல்லாம பாக்கணும்னா, குழந்தைங்க சைக்கிள் டியூப் ஒண்ணை வாங்கி பாதி காத்து மட்டும் அடிச்சு அந்தக் கிரானைட் துண்டுக்கு அடியில படுக்க வெச்சு, மேல பிளேயரை வெச்சுப் பாருங்க. பிளேயரோட எடை நடுவுல இருக்காது, மோட்டார் பக்கம் சாயும், அதனால கல்லு மேல பிளேயரை இங்கிட்டு அங்கிட்டு நகத்தித்தான் மட்டம் கொண்டு வரணும், ரசமட்டத்தை வெச்சுப் பாக்க வேண்டியது பிளேட்டர் மேல, கல்லு மேல இல்ல. காத்து மெல்ல இறங்கிக்கிட்டே இருக்கும், சாஞ்சுதுன்னா திரும்ப ரெண்டு பம்ப் அடிச்சுக்கோங்க.